கிட்ஹப் பேஜஸ்: முதல் வேலை தேடும் நிரலாளருக்கு எந்த அளவுக்கு உதவும்?

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ஓஎம்ஆர் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் புதியவருக்கு, தான் எழுதிய நிரல் ஓடுவதை நேர்காணல் எடுப்பவரின் கைப்பேசியிலேயே காட்ட ஓர் இடம் வேண்டும். அதற்காக, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் அவற்றை இணையப் பக்கமாக வெளியிடத் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். ரெப்போ (ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) பொதுவில் இருந்தால் கட்டணம் இல்லை. செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குச் சென்று வெளியிட வேண்டிய கிளையை (நிரலின் ஒரு பதிப்பை) தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் தளம் திறக்கிறது.

நான் முதலில் ஏற்றியவை, பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் செய்யும் கால்குலேட்டரும் வேலைப் பட்டியலும்தான். விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில் வரவில்லை. பிறகு, காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் என் அப்பாவிடம் வஞ்சிரம், சங்கரா, வவ்வால் ஆகியவற்றின் அன்றாட விலையைக் கேட்டுக் குறித்து, அதைக் கோட்டு வரைபடமாகக் காட்டும் பக்கம் ஒன்றை உருவாக்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், சில மீன்கள் பல நாட்கள் ஏலத்துக்கே வராது. அந்த நாட்களுக்கு நான் பூஜ்யம் இட்டிருந்தேன். விலைக்கோடு அடியில் போய் விழுந்தது. "வராத மீனுக்கு ஏதுப்பா வெல? சைபர்னு போட்டா சும்மா குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார் அப்பா. அந்த இடங்களை வெற்றாக விட்டு, கோடு அங்கே அறுபடும்படி திருத்தி, காரணத்தைக் கமிட் (ரெப்போவில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) குறிப்பிலும், திட்டத்தை விளக்கும் ரீட்மீ கோப்பிலும் எழுதினேன்.

தரமணியில் நடந்த நேர்காணலில் பக்கத்தின் நிறத்தையோ அசைவுகளையோ யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கமிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத தரவும் பூஜ்யமும் எப்படி வேறுபடுகின்றன என்றே நெடுநேரம் பேசினார்கள். ஓடும் தளமும் அது உருவான வரலாறும் ஒரே இடத்தில் கிடைப்பதையே இச்சேவையின் மிகப் பெரிய பலமாக நான் கருதுகிறேன்.

வரம்புகளும் உண்டு. தளத்தின் அளவு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது; மாதத்துக்கு 100 ஜிபி தரவுப் பரிமாற்றம் என்பது மென்மையான வரம்பு, அதாவது கண்டிப்பான எல்லை அல்ல. ஒரு மாணவரின் பக்கத்துக்கு இவை தாராளம். உண்மையான குறை, நிலையான கோப்புகளை, அதாவது ஏற்றியதை ஏற்றியபடியே, மட்டும்தான் இது வழங்கும் என்பது: சர்வரில் ஓட வேண்டிய பைதான், பிஎச்பி, தரவுத்தளம் எதுவும் இதில் ஓடாது. என் விலைகள் ஜேசன் எனும் எளிய தரவுக் கோப்பில் இருப்பதால் சமாளிக்க முடிந்தது. பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலை தேடுபவர் வேறு சேவையையும் சேர்த்தே நாடவேண்டும். விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரியும் படம், கோப்புப் பெயரில் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து மாறியிருந்தாலும் இங்கே தெரியாது. அதனால் விண்ணப்பத்தில் முகவரியைச் சேர்க்கும் முன் இன்னொருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

பொது ரெப்போவில் கடவுச்சொல்லையோ ஏபிஐ சாவியையோ (பிற சேவைகளை நம் நிரல் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) ஒருபோதும் வைக்காதீர்கள். கோப்பிலிருந்து நீக்கிய பிறகும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். ஒருமுறை வெளியே போன சாவியை உடனே ரத்துசெய்துவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.