அறுபது யுனிட் வீட்டுக்கு ஆயிரம் வொட் கொம்பியூட்டர் எதற்கு?

"புள்ள ஏ.எல். படிக்குது, நல்ல கொம்பியூட்டரா ஒன்னு போடணும்" என்று சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைபவருக்கு முதலில் காட்டப்படுவது கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் போட்ட கேசிங்தான். விலையைக் கேட்டதும் மனம் தடுமாறும். கடன்பட்டாவது இதை எடுப்பதா, பாவித்த ஒபிஸ் மெஷின் ஒன்றோடு சமாளிப்பதா? வீட்டுப் பாவனைக்கு என்றால் எங்கள் பதில் அநேகமாக இரண்டாவதுதான். ஆனால் எந்த ஒபிஸ் மெஷினும் சரிவரும் என்று நினைத்துவிட வேண்டாம். விலை கூடியதெல்லாம் வீண் என்பதும் இல்லை.

மூன்று வகையை எடுத்துக்கொள்வோம். முதலாவது, வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்து இங்கே வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை. கோர் ஐ5-8500 அல்லது அதற்கு அண்மித்த புரொசசரோடு. இரண்டாவது, புதிதாகப் பூட்டும் நடுத்தர மெஷின். ரைசன் 5 5600ஜி அல்லது கோர் ஐ5-12400. மூன்றாவது, கோர் ஐ9-14900கே புரொசசர், ஆர்.டி.எக்ஸ். 5090 கிராபிக்ஸ் கார்ட் ரகம். இந்தக் கடைசிக் கார்டை 2025 ஜனவரியில் என்விடியா அறிமுகப்படுத்தியபோது அறிவித்த விலை 1,999 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தாலும் கார்ட் மட்டுமே ஆறு இலட்சம். வரியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேல்.

வேகம் எங்கே இருந்து வருகிறது

பாட நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், ஈ-தக்சலாவ என்ற கல்வி அமைச்சின் இணையத்தளம், சூம் வகுப்பு, வேர்டில் ஒரு கடிதம், எக்செலில் கடைக் கணக்கு, யூடியூப். ஒரு வீட்டு மெஷின் செய்யும் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். ஏ.எல். ஐ.சி.ரி. பாடத்தில் வரும் பைதனும் டேட்டாபேஸும்கூட இந்த எல்லைக்குள்தான் அடங்கும்.

இவற்றில் "கொம்பியூட்டர் ஸ்லோ" என்று சொல்லவைப்பது பழைய ஹார்ட் டிஸ்க். தொடர்ச்சியாக வாசித்தால் அது நொடிக்கு 150 எம்.பி. அளவு தரும். விண்டோஸ் எழும்பும்போது சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் அங்குமிங்கும் தேட வேண்டியிருப்பதால், அந்த வேகமும் பல மடங்கு விழுந்துவிடும். சிப்பில் சேமிக்கும் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.யைத் தாண்டும், தேடுவதற்கு அதில் சுழலும் தட்டே கிடையாது. ஹார்ட் டிஸ்கில் இருந்து இதற்கு மாறினால் வீட்டில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். இதிலிருந்து நொடிக்கு 7,000 எம்.பி. தரும் என்.வி.எம்.ஈ. ரக எஸ்.எஸ்.டி.க்கு மாறினால், பெரிய வீடியோக் கோப்புகளைக் கொப்பி பண்ணுபவருக்கு மட்டும்தான் தெரியும்.

ரேமும் அப்படித்தான். 8 ஜி.பி. இருந்தால் குரோமும் சூமும் சேர்ந்து ஓடும்போது திணறும், 16 ஜி.பி.யில் அந்தத் திணறல் போய்விடும். வீட்டு வேலைக்கு 64 ஜி.பி. போட்டால் மிச்சம் சும்மா கிடக்கும். 2025 கடைசியில் இருந்து உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், 16 ஜி.பி. ஏற்கெனவே பூட்டிய பாவித்த மெஷின் முன்பைவிட நல்ல பேரமாகிவிட்டது.

இன்னொன்று: தேயிலைத் தோட்டப் பக்கம் 4ஜி ரவுட்டரில் சிக்னல் ஒரு கட்டை காட்டும்போது சூம் உறைந்துபோனால், கொம்பியூட்டரைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டரை டவர் இருக்கும் பக்க ஜன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். ஐ9 மெஷினாலும் மலையைத் துளைத்து சிக்னல் எடுக்க முடியாது.

பாவித்த மெஷினில் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் என்றால் 8ஆம் ஜெனரேஷன், ரைசன் என்றால் 2000 வரிசை, அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஆகவே வாங்கும்போது கோடு கிழிக்க வேண்டிய இடம் 8ஆம் ஜெனரேஷன். 6ஆம் ஜெனரேஷன் மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். ஓடும்தான். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

கேசிங்கில் ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மெஷினைப் போட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போய் புரொசசர் நம்பரைப் பாருங்கள். நடுவில் உள்ள சின்னக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் ஜெனரேஷன்: ஐ5-8500 என்றால் எட்டு, ஐ5-12400 என்றால் பன்னிரண்டு. ஐ7-2600 என்றால் இரண்டாம் ஜெனரேஷன், 2011ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ7 என்ற பெயருக்காக அதை வாங்கினால் 8ஆம் ஜெனரேஷன் ஐ3யிடமே தோற்கும்.

பிறகு டாஸ்க் மனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லொட்டில் ரேம் இருக்கிறது என்று பாருங்கள். தனிக் கார்ட் இல்லாத மெஷினில் படம் காட்டும் பகுதியும் இதே ரேமைத்தான் பாவிக்கிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டில் இருந்தும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம், ஆகவே ஒரு 16 ஜி.பி. குச்சியைவிட இரண்டு 8 ஜி.பி. குச்சி நல்லது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு எஸ்.எஸ்.டி.யின் ஆயுள் வீதத்தைப் பாருங்கள். மெஷினை முழுதாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். திகதி பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டரி செத்திருக்கிறது. அது சின்னச் செலவு. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயோஸ் செட்டிங்ஸுக்குள் போகும்போது பாஸ்வேர்ட் கேட்டால் மட்டும் வாங்காமல் திரும்புங்கள். முந்திய கம்பனி போட்ட பூட்டு அது, கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

இந்த மெஷின்களின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்தக் கம்பனிக்கே உரிய வடிவம், உரிய சொக்கட். அது எரிந்தால் சந்தையில் கிடைக்கும் சாதாரண சப்ளை பொருந்தாது. அதே மொடலுக்கு உரியதைத் தேடி அலைய வேண்டும். ஒல்லியான கேசிங்கில் உயரம் குறைந்த கிராபிக்ஸ் கார்ட் மட்டும்தான் நுழையும். பலவற்றில் மொனிட்டருக்கு டிஸ்பிளே போர்ட் வாய்தான் இருக்கும், எச்.டி.எம்.ஐ. இருக்காது. அடப்டரையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இவற்றை எல்லாம்விட மோசமான தெரிவு ஒன்று இருக்கிறது: பெயர் தெரியாத பவர் சப்ளை, சேர்வர்களில் இருந்து கழித்த பழைய சியோன் புரொசசர், ஆறு கலர் ஃபேன் எல்லாம் சேர்த்து "கேமிங் பிசி" என்று விற்பது. இதற்குக் கொடுக்கும் காசு புது நடுத்தர மெஷினுக்குக் கிட்ட வந்துவிடும்.

புதிய நடுத்தர மெஷின்

வாரண்டி வேண்டும், ஐந்தாறு வருடம் கவலையில்லாமல் ஓட வேண்டும் என்பவர்களுக்கு இது. 5600ஜி, 12400 இரண்டுக்குமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், சாதாரண மின் அளவு 65 வொட். தனிக் கார்ட் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒரு எழுத்துத்தான்: 12400எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று வாங்கிவந்து மொனிட்டரில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

பெரிய மெஷின் வீட்டுக்கு வந்தால்

வாங்கிய விலையோடு செலவு முடியாது. ஐ9-14900கே உச்சத்தில் 253 வொட் இழுக்கும். 5090 கார்டின் அளவு 575 வொட், அதற்கு என்விடியா கேட்பது 1,000 வொட் பவர் சப்ளை. நம் பக்க வீடுகளில் வழமையாக இருக்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வொட். ஒபிஸ் மெஷினும் 24 அங்குல மொனிட்டரும் சேர்ந்து 60, 70 வொட் எடுக்கும்போது அந்த யூ.பி.எஸ். புதுப் பட்டரியோடு கால் மணித்தியாலம் தாங்கும். எழுதியதைச் சேவ் பண்ணி நிறுத்தப் போதும். பெரிய மெஷினில் கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதே யூ.பி.எஸ். கீச்சென்று கத்திவிட்டு அடுத்த கணமே விழுந்துவிடும்.

1,500 வி.ஏ. வாங்கினாலும் இன்னொரு சிக்கல். நல்ல பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று இருக்கிறது. மலிவு யூ.பி.எஸ். பட்டரிக்கு மாறும்போது தருவது படிப்படியாக வெட்டிய அலை. இரண்டும் ஒத்துப்போகாமல், யூ.பி.எஸ்.ஸில் சார்ஜ் இருந்தும் மெஷின் ரீஸ்டார்ட் ஆவதுண்டு. மெயின் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் அலை யூ.பி.எஸ். வேண்டும், அதன் விலையில் ஒரு பாவித்த மெஷினையே வாங்கிவிடலாம் போலிருக்கும். அதற்காகப் பவர் சப்ளையைக் குறை சொல்ல முடியாது. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், பின்னேரம் லைட் மங்கும் தோட்ட லயன் வீடுகளில், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் நல்ல சப்ளை தடுமாறாமல் நிற்கும். இந்த ஒரு பாகத்தில் தாராளமாகச் செலவழிக்கலாம், நடுத்தர மெஷினிலும்.

பில்லைப் பாருங்கள். ஒபிஸ் மெஷின் 60 வொட்டில் தினம் நான்கு மணித்தியாலம் ஓடினால் மாதம் 7 யுனிட் சொச்சம். பெரிய மெஷின் மொனிட்டரோடு சும்மா பிரவுஸ் பண்ணுவதற்கே 150 வொட் எடுத்தால் 18 யுனிட். அதில் தினம் இரண்டு மணித்தியாலம் 650 வொட்டில் கேம் ஆடினால் அதற்கு மட்டும் 39. மாதம் 50 யுனிட் பாவிக்கும் வீட்டில் ஒபிஸ் மெஷின் வந்தால் 57. பெரிய மெஷினில் பிரவுஸிங் மட்டும் செய்தாலே 68. வீட்டுக் கட்டணத்தில் 60ஐத் தாண்டினால் கூடிய 8 யுனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் 60 யுனிட்டும் வேறு விலைப் பட்டியலுக்குப் போகும், மாத நிலையான கட்டணமும் கூடும்.

பனி, புகை, இடி

நுவரெலியாக் குளிரில் வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. தண்ணீர் கூலருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பிரச்சினை ஈரம். வாரக்கணக்கில் போடாமல் வைத்த மெஷினில் ரேமின் பொன்நிறக் கால்களில் மங்கல் படியும். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், பீப் சத்தம் கேட்கும், படம் வராது. பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, அந்தக் கால்களைப் பென்சில் இரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் "டிக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். பெரும்பாலும் எழும்பிவிடும். வாரம் இரண்டு தடவையாவது ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் இந்த நிலை வராது. சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

விறகடுப்புப் புகை அதைவிடப் பொல்லாதது. எண்ணெயோடு சேர்ந்த கரி ஹீட்சிங்கில் பிசினாக ஒட்டும், ஊதினாலும் போகாது. முன்பக்கம் முழுக்க வலைபோட்ட, ஆறு ஃபேன் உள்ள கேசிங் அதை வீடு கூட்டுவதுபோல் உள்ளே இழுக்கும். ஒரே ஃபேன் உள்ள மூடிய ஒபிஸ் கேசிங் இங்கே உண்மையில் மேல்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்டுக்கு வரும். கேசிங்கைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று இருந்தால் எர்த் வேலை செய்யவில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் போடுவதுதான் பல இடங்களில் காரணம். அப்படி இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு இலட்சத்துக் கார்டை எர்த் இல்லாத சொக்கட்டில் செருக வேண்டாம்.

யாருக்கு அவசியம்

கலியாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோ, முப்பரிமாண வரைபடம் செய்பவர், ஏ.ஐ. மொடல்களைச் சொந்த மெஷினில் ஓட்டுபவர்: இவர்களுக்கு நேரம்தான் காசு. அவர்களிலும் கலியாண வீடியோவுக்கு 5090 வேண்டியதில்லை. 12400எஃப், 32 ஜி.பி. ரேம், 12 ஜி.பி. மெமரி உள்ள ஆர்.டி.எக்ஸ். 3060, 650 வொட் நல்ல சப்ளை போதும். வீடியோவை வெளியெடுக்கும் வேலையைக் கார்டில் இருக்கும் தனி என்கோடரே செய்துவிடும். மிச்சக் காசில் நிறம் சரியாகக் காட்டும் ஐ.பி.எஸ். மொனிட்டரும், பக்அப்புக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்கும் வாங்குங்கள். வாடிக்கையாளரின் கலியாணத்தைத் தொலைத்தால் எந்த ஐ9ஆலும் திருப்பித்தர முடியாது.

இல்லை, பெரியதுதான் வேண்டும் என்றால், 13ஆம், 14ஆம் ஜெனரேஷன் ஐ7, ஐ9களில் மின்னழுத்தக் கோளாறால் சிப் பழுதாகும் பிரச்சினை இருந்தது. இன்டெல் 2024இல் அதற்கான திருத்தத்தை வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. முதல் வேலையாகப் பயோஸை அப்டேட் பண்ணுங்கள், பாவித்த 14900கே வாங்காதீர்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பூட்டி பஸ்ஸில் கொண்டுவருவதானால், கடையிலேயே கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாகத் தரச் சொல்லுங்கள். 2 கிலோவைத் தாண்டும் கார்ட் கினிகத்தேனை வளைவுகளில் ஆடினால் மதர்போர்டின் ஸ்லொட் வெடித்துவிடும். அந்த உடைவுக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். வீட்டில் திரும்பப் பூட்டும்போது கார்டின் பவர் கேபிளை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாகச் செருகுங்கள். பாதி செருகிய கேபிள் சூடேறி உருகக்கூடும்.