மென்பொருள் தோற்றால் யாருடைய பங்கு விழும்?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், கணக்குப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளை அங்கே பெரும் செலவில் போட்டு, ஒன்றரை வருடத்தில் கைவிட்டார்கள். மென்பொருள் பங்குகளை நான் பார்க்கும் விதம் அன்றைக்கு மாறியதுதான்.

பச்சைத் தோலை உருப்படிக் கணக்கில் வாங்குவோம், பதப்படுத்தியதைச் சதுர அடியில் விற்போம். ஒரே லாட்டில் ஒரு ஆட்டுத் தோல் நாலு அடி வரும், அடுத்தது ஐந்தரை வரும். தரம் பிரித்த பிறகுதான் எது முதல் ரகம், எது கழிவு என்று தெரியும். மென்பொருளோ இவ்வளவு உள்ளே போனால் இவ்வளவு வெளியே வரும் என்று முதலிலேயே எழுதித் தரச் சொன்னது. "கம்ப்யூட்டர்ல இருப்பு இருக்குது சார், குடோன்ல தோல் இல்லியே" என்று ஸ்டோர் பாய் தினமும் வந்து நிற்பார்.

விற்ற நிறுவனத்துக்கு உரிமத் தொகை போய்ச் சேர்ந்தது. நிறுவ வந்தவர்கள் ஆள் கணக்கில் பில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நட்டம் முழுவதும் எங்கள் முதலாளிக்கு.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஜெர்மனியின் லிட்ல் கடைகள் எஸ்ஏபி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஈ.ஆர்.பி.யை நிறுவ சுமார் 50 கோடி யூரோ செலவழித்த திட்டத்தை 2018-ல் நிறுத்தின. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தங்கள் பழக்கத்தை லிட்ல் மாற்றவில்லை. அதற்கேற்ப மென்பொருளைத் திருத்தப் போய்த்தான் சிக்கல் பெருகியது. எஸ்ஏபி அதனால் ஆட்டம் காணவில்லை. சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் 'பொருள் நிறுவனத்தின்' பலம் இதுதான்: உரிமத் தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமாக வரும். ஒரு வங்கி, கணக்குகளை நடத்தும் ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் ஓடத் தொடங்கிவிட்டால் அதைப் பிடுங்கிப் போடுவது லேசில்லை. அதை விற்கும் ஆரக்கிள் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பங்கு நம் சந்தையிலேயே கிடைக்கிறது. நம் பக்கத்துக் கடைகள் நம்பியிருக்கும் டேலியும் ஸோஹோவும் பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தமே.

நிறுவித் தரும் சேவை நிறுவனங்களுக்கு வேறு பாதுகாப்பு. வருமான வரித் தளம் 2021 ஜூனில் தொடங்கித் தடுமாறியபோது, ஆகஸ்ட் 23 அன்று நிதி அமைச்சர் அதை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டார். மறுநாளே அதன் சந்தை மதிப்பு முதல்முறையாக 10,000 கோடி டாலரைத் தொட்டது. ஒரு வாடிக்கையாளரின் கோபம் அவ்வளவு பெரிய உடம்பை அசைக்காது. ஆனால் மொத்தத் தொகை பேசி எடுத்த வேலை இழுத்தடித்தால் கூடுதல் செலவு அவர்கள் கையைத்தான் கடிக்கும்.

உண்மையில் அடிபடுவது வாங்கியவரின் பங்கு. அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே 48 மாத வேலையை 30 மாதத்துக்குச் சுருக்கி, 1999-ல் ஹாலோவீன் சாக்லேட் விற்பனைக்குச் சற்று முன்பு புது மென்பொருளுக்கு மாறியது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடை பில் மெஷினை மாற்றுவது போல. 10 கோடி டாலருக்கு மேலான ஆர்டர்களுக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. 2001-ல் நைக்கியிலும் தேவையைக் கணிக்கும் மென்பொருள் பிசகியது. எந்தக் காலணி எவ்வளவு என்ற கணக்கே குழம்பி, பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடியில் ஏற்றுமதிக்குக் காலணி தைப்பவர்களுக்கு அந்த வேதனை புரியும். ஆகவே நான் வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனம் புதிய ஈ.ஆர்.பி.க்கு மாறுவதாக ஆண்டறிக்கையில் எழுதினால், அடுத்த இரண்டு காலாண்டு முடியும்வரை ஒரு பங்குகூடக் கூட்டுவதில்லை.

என் தேர்வு பெரிய சேவை நிறுவனமும், வங்கிகளில் வேரூன்றிய பொருள் நிறுவனமும். எஸ்ஏபி தன் பழைய பதிப்புக்கான வழக்கமான ஆதரவை 2027-ல் முடிக்கிறது. அதனால் வாடிக்கையாளர்கள் புதிய பதிப்புக்கு மாறுவது சேவைக்காரர்களுக்கு வேலை தரும். சிறிய மென்பொருள் நிறுவனங்களில் மட்டும் விற்பனை வளர்ச்சியை நான் முதலில் பார்ப்பதில்லை. வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்று பார்ப்பேன். எங்கள் முதலாளியும் கடைசித் தவணையை நிறுத்தித்தான் வைத்திருந்தார். அது விற்றவரின் ஏட்டில் வெகுநாள் வருமானமாகவே நின்றிருக்கும்.