பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி: புக்கிங் ஃபார்மும் கஸ்டம் ஃபீல்டும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடப்போகிற நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்க வெச்சிருக்கிற புக்கிங் சாஃப்ட்வேர் இப்போ பாதி விலைக்கு வருதாமே, வாங்கிப் போடலாமா?" வாட்ஸ்ஆப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அவரைப் போல இன்னும் நாலு பேர் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நாலு ரூம் ஹோம்ஸ்டே. சாஃப்ட்வேர் எது என்று சொல்லப்போவதில்லை, நண்பருக்குத் தெரியும், அது போதும். காலண்டர், ஒரே ரூமை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பது, அட்வான்ஸ் வாங்குவது இதெல்லாம் எல்லா சாஃப்ட்வேரிலும் இருப்பதுதான். இதிலும் சரியாகவே நடக்கிறது. நான் பேச வந்தது ஃபார்மில் நாமே சேர்த்துக்கொள்ளும் கட்டங்களைப் பற்றி, அதாவது கஸ்டம் ஃபீல்டு பற்றி மட்டும். சில வருடங்களாகத் தினமும் கை வைக்கிற இடம் அது.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். 'எத்தனை மணிக்கு வருவீங்க?', 'எதுல வருவீங்க?' என்று இரண்டு டிராப்டவுன் (தொட்டால் விரிகிற பட்டியல்) வைத்தேன். வீட்டில் வேலை நடக்கிற விதமே அதோடு மாறிவிட்டது. சொந்தக் கார், பஸ், விழுப்புரம் வரை ரயில், லாஸ்பேட்டை ஏர்போர்ட் என்று நாலே ஆப்ஷன். காரைத் தொட்டால் மட்டும் வண்டி நம்பர் கேட்கிற கட்டம் திறக்கும். பஸ் என்று போட்டவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு கார் நின்றால் இன்னொன்று ஒடுங்கித்தான் போக வேண்டும். முன்கூட்டியே நம்பர் கையில் இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி இடம் பிடித்து வைக்க முடிகிறது.

அதைவிட உபயோகமானது மாலை நேர ஆப்ஷன். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், மறுநாள் காலை வரை நடப்பவர்களுக்குத்தான். மேப் பார்த்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு இது தெரியாது. தடுப்புக் கம்பி முன்னால் நின்றுகொண்டு, பின் சீட்டில் தூங்குகிற குழந்தைகளோடு, எங்களுக்கு போன் செய்வார். இப்போது 'மாலை 6-க்கு மேல்' என்று தேர்ந்தெடுத்த உடனேயே அதற்குக் கீழே, "கடற்கரைச் சாலை மூடியிருக்கும், எஸ்.வி. படேல் சாலை வழியாக வாருங்கள்" என்று ஒரு வரி விரிகிறது. உறுதி செய்து போகிற மெயிலிலும் அதே வரி. இந்த நிபந்தனை வசதிக்காகத்தான் பணம் கட்டுகிற பிளானுக்கே போனேன். கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைத்தது.

வெளிநாட்டு விருந்தாளிகள் விஷயத்திலும் இதே வசதி காப்பாற்றுகிறது. அவர்கள் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கிற படிவத்தை (பழைய பெயரில் ஃபார்ம் சி என்றே சொல்லிப் பழக்கம்) ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். ஹோட்டல் மட்டுமில்லை, எங்களைப் போல நாலு ரூம் வைத்திருப்பவர்களுக்கும் அதே சட்டம். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் வந்த தேதி, எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார் என்று அங்கே கேட்பதையெல்லாம், குடியுரிமை 'இந்தியா' இல்லை என்றால் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்குக் களைத்து வந்து இறங்கியவரை நிற்கவைத்து விசா எண் எழுதி வாங்குகிற பாவம் எனக்கு இல்லை. ஒன்று மட்டும் நண்பருக்குக் கண்டிப்பாகச் சொல்வேன்: ஆதார் படத்தை ஏற்றச் சொல்லி ஃபைல் அப்லோடு கட்டம் வைக்காதீர்கள். நேரில் வரும்போது அசலைப் பார்த்துக்கொண்டால் போதும். நகல் தேவைப்பட்டாலும் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் இருக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் எதையும் வாங்கி வைக்காதே என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், அடுத்தவர் அடையாள அட்டைகளை நம் கம்ப்யூட்டரில் குவித்து வைப்பது நியாயமில்லை.

இவ்வளவும் நாமே சேர்க்கிற கட்டங்கள். சாஃப்ட்வேர்காரர்களே போட்டு, நம்மைத் தொட விடாமல் பூட்டி வைத்திருக்கிற கட்டம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்ப வேண்டும். எடுக்க முடியாது, ஒளிக்க முடியாது, நட்சத்திரத்தை மட்டுமாவது நீக்க முடியாது. எனக்கு இன்று வரை ஆறாத கோபம் இதில்தான்.

தமிழ்நாட்டிலிருந்தோ இங்கேயே இருந்தோ புக் செய்கிற ஒருவர் அந்தக் கட்டத்தில் என்ன போடுவார்? முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர் கட்டத்தில் முருகன் என்று போட்டுவிட்டார். அடுத்த கட்டம் காலியாக இருந்தால் பட்டன் வேலை செய்யாது. சிலர் இனிஷியல் போடுகிறார்கள். சிலர் அப்பா பெயர். சிலர் முருகன் முருகன். ஊர் பெயர் போட்டவரும் உண்டு. நிறையப் பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சாஃப்ட்வேர் அந்தப் புள்ளியை மரியாதையாக ஏற்றுக்கொண்டு, "அன்புள்ள திரு. புள்ளி" என்கிற கணக்கில் அவருக்கு மெயில் அனுப்புகிறது. எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவருக்கு எங்கள் பெயரில் போகிற முதல் கடிதம் அது.

அன்றன்றைக்கு வருகிறவர்கள் பட்டியலை பிரிண்ட் எடுத்து சமையலறைக் கதவில் ஒட்டுவோம். பட்டியல் கடைசிப் பெயர் வரிசையில்தான் வரும், அதையும் மாற்ற முடியாது. புள்ளிகள் எல்லாம் உச்சியில், அதற்குக் கீழே ஒற்றை எழுத்து இனிஷியல்களும் அப்பாக்களும் கலந்து, நடுவில் எங்கோ ஒரு சேலம். கீழ் ரூமைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருநாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்பா, நம்பர் மூணுக்கு யாரு வராங்க? வெறும் புள்ளி வெச்சிருக்கு." வாசலில் ஆட்டோவில் வந்து நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறவர் அவர்.

புதுச்சேரியில் இது இன்னும் சிக்கல். பிரெஞ்சு ஆட்சியில் 1881-ல் வந்த ஆணைப்படி தனிச்சட்டத்தை (அவரவர் மத, சாதி வழக்கப்படியான குடும்பச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் குடும்பப்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1962-ல் புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பலவற்றில் அப்பா பெயரோ தாத்தா பெயரோ குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. இந்தப் பக்கம் இருந்துவிட்டவர்கள் இனிஷியலோடு இருக்கிறார்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் இங்கே கல்யாணங்கள் தொடங்கும், பிரான்சில் பள்ளி விடுமுறையும் அப்போது முடிந்திருக்காது. பாரிஸ் புறநகரிலிருந்து தம்பி குடும்பம், திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம், ஒரே கல்யாணத்துக்கு எங்களிடமே ரூம் எடுப்பார்கள். தம்பிக்கு அப்பா பெயர்தான் குடும்பப்பெயர். அண்ணன் புள்ளி வைத்திருப்பார். பட்டியலில் ஒருவர் மேல் கோடி, ஒருவர் கீழ்க் கோடி. கூடப்பிறந்தவர்கள், அடுத்தடுத்த ரூம் கொடுக்க வேண்டியவர்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

கம்பெனிக்கு எழுதினேன். பணம் வாங்குகிற பகுதிக்குக் கடைசிப் பெயர் தேவை என்று பதில் வந்தது. எங்களுக்கு வருகிற அட்வான்ஸில் பெரும்பகுதி யூபிஐ. அங்கே குடும்பப்பெயருக்கென்று தனிக் கட்டம் எங்கே இருக்கிறது? மறுபடி எழுதினேன். உலகம் முழுக்க இதுதான் முறை என்றார்கள். அதுவும் சரியில்லை. இணையத்துக்குத் தரம் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பே பல நாட்டுப் பெயர்களைப் பற்றி ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. முடிந்தவரை முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், எப்படி அழைக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கேளுங்கள் என்கிறது. பிரிட்டிஷ் அரசு தன் இணையதளங்களுக்கு வைத்திருக்கிற வடிவமைப்பு விதியும் ஒரே கட்டத்தைத்தான் சொல்கிறது. குடும்பப்பெயர் வழக்கம் ஊறிப்போன நாட்டு அரசாங்கத்துக்கே புரிந்த விஷயம், இனிஷியல் போட்டுக் கையெழுத்துப் போடுகிற ஊரில் சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்குப் புரியவில்லை.

போன் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவர்கள் போட்ட கட்டம்தான். ஆரம்பத்தில் 10 இலக்கம் என்று மட்டும் பார்த்தது. பிரான்சில் உள்ளூர் நம்பர் 0-வில் தொடங்கி 10 இலக்கம். அதனால் அப்படியே உள்ளே வந்து, முன்னால் 91 ஒட்டிக்கொண்டு, வாட்ஸ்ஆப் எங்கேயும் போகாது. நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்ற விட்டிருக்கிறார்கள், ஐந்து நிமிட வேலை. பிரான்சுக்கு 33, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு 262, எல்லாம் இப்போது சரியாகப் போகிறது. போனுக்குத் திறந்துவிட்ட பூட்டைப் பெயருக்குத் திறக்க என்ன தடை?

பெயர்ச் சிக்கலுக்கு நான் செய்துவைத்திருக்கிற மாற்று வழி, கஸ்டம் ஃபீல்டுதான். பெயர் கட்டங்களுக்கு மேலேயே, "கடைசிப் பெயர் இல்லாதவர்கள் இனிஷியலைப் போடுங்கள்" என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர்', இது வெளிநாட்டவருக்கு மட்டும், ஏனென்றால் ஃபார்ம் சி-யில் எழுத்து மாறக் கூடாது. பிறகு எல்லோருக்கும், 'உங்களை நாங்கள் எப்படிக் கூப்பிடலாம்?'. மெயிலின் தொடக்கத்தில் கடைசிப் பெயரைத் தானாகக் கொண்டுவந்து போடுகிற பழைய குறியீட்டை எடுத்துவிட்டு இந்தக் கட்டத்தின் குறியீட்டைப் போட்டேன். புள்ளி ஒழிந்தது.

இந்தக் கடைசிக் கட்டம் இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டாயம் இல்லை என்று போட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் நிரப்புகிறார்கள். 'டீச்சர்னு சொல்லுங்க' என்று ஓய்வுபெற்ற ஒரு அம்மா எழுதியிருந்தார். ரீயூனியனிலிருந்து வந்த ஒரு பெரியவர், பாஸ்போர்ட்டில் முழுக்க பிரெஞ்சுப் பெயர், இந்தக் கட்டத்தில் தன் பாட்டி கூப்பிட்ட பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். அக்கா வாசலில் அந்தப் பெயரைச் சொல்லி "வாங்க" என்றதும் அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவருக்குத் தமிழ் பேச வராது. ஒரு ஃபார்ம் கட்டத்தால் இது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிராப்டவுனில் ஒரு ஆப்ஷனின் பெயரை மாற்றினால் பழைய புக்கிங்கில் பழைய பெயரே நிற்கும், தேடும்போது இரண்டையும் தேட வேண்டும். பதிவுகளை சிஎஸ்வி-யாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) இறக்கி நேரடியாக எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியும். டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், போன் நம்பர் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற 0 போய்விடும். கட்டத்தின் உள்பெயரை (சாஃப்ட்வேர் தனக்குள் வைத்துக்கொள்கிற பெயரை) முதலிலேயே ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளியில்லாமல் வைத்துவிடுங்கள். வெளியே தெரிகிற தலைப்பைத் தமிழில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, நண்பருக்குப் பதில். நான் பார்த்ததிலேயே கஸ்டம் ஃபீல்டு வசதி இவ்வளவு நன்றாக இருக்கிற சாஃப்ட்வேர் இதுதான். விலையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் வாங்காதீர்கள். இரண்டு ரூமுக்குக் கூகுள் ஃபார்ம் ஒன்று போதும். பெயருக்கு ஒரே கட்டம், நட்சத்திரம் எதற்கு வேண்டும் என்பது உங்கள் இஷ்டம், பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்குப் போகிற வசதியும் அதில் இருக்கிறது. ரூம் காலியா என்று அது பார்த்துச் சொல்லாது, அதை நீங்கள் போனில் பேசி உறுதி செய்யுங்கள், இரண்டு ரூமுக்கு அது முடிகிற காரியம். நான் மாறாமல் இருப்பது, வரப்போகிற சீசனுக்கான புக்கிங் எல்லாம் இதற்குள் இருப்பதால். அந்த ஒரு நட்சத்திரத்தை அவர்கள் எடுத்த அன்றைக்கு, தள்ளுபடி கேட்காமல் முழு விலைக்கு அடுத்த வருடத்தையும் கட்டிவிட்டு, உங்களுக்கு நானே போன் செய்து வாங்கச் சொல்கிறேன்.