அலெக்சாண்டிரா பேலஸா, பிளாக்பூலா? டார்ட்ஸின் இரண்டு பெரிய பட்டங்கள்

பலகையில் குறு அம்பு எறியும் ஆட்டமான டார்ட்ஸின் ரசிகர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை லண்டன் அலெக்சாண்டிரா பேலஸில் நடக்கும் பிடிசி (தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் நிறுவனம்) உலகச் சாம்பியன்ஷிப் பெரிய சோதனையா, ஜூலையில் பிளாக்பூல் விண்டர் கார்டன்ஸில் நடக்கும் வேர்ல்ட் மேட்ச்பிளே பெரிய சோதனையா?

பணத்தை வைத்துப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. 2026 உலகச் சாம்பியன்ஷிப்பில் மொத்தப் பரிசு 50 லட்சம் பவுண்டு, வென்றவருக்கு மட்டும் 10 லட்சம். 2025 மேட்ச்பிளேயில் மொத்தம் 8 லட்சம், வென்றவருக்கு 2 லட்சம். ஆனால் சண்டை பணத்தைப் பற்றியது அல்ல, ஆட்ட முறையைப் பற்றியது. லெக் என்பது ஒரு சிறு ஆட்டம், சில லெக் சேர்ந்தது ஒரு செட். "லண்டனில் செட் முறை, அதில் அதிர்ஷ்டம் புகுந்துவிடும். பிளாக்பூலில் லெக் முறை, அங்கே திறமைசாலிதான் ஜெயிப்பார்" என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில்.

முதலில் விதி. இரண்டிலும் ஒவ்வொரு லெக்கும் 501இல் தொடங்கிச் சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். கடைசி டார்ட் டபுளிலோ (எண்ணை இரட்டிப்பாக்கும் வெளி வளையம்) புல்லிலோ (பலகையின் நட்டநடுப் புள்ளி, மதிப்பு 50) விழ வேண்டும். எறியும் கோட்டிலிருந்து பலகை 2.37 மீட்டர் தூரம், புல்லின் உயரம் 1.73 மீட்டர். இதுவரை ஒன்றேதான்.

உலகச் சாம்பியன்ஷிப்பில் மூன்று லெக் எடுத்தால் ஒரு செட். முதல் இரண்டு சுற்றுகளில் மூன்று செட் எடுப்பவர் வெல்வார். மூன்றாம், நான்காம் சுற்றுகளில் நான்கு, காலிறுதியில் ஐந்து, அரையிறுதியில் ஆறு, இறுதியில் ஏழு செட் தேவை. இரண்டாம் சுற்றிலிருந்து, ஆட்டம் கடைசி செட்டுக்குப் போனால் அந்த செட்டை இரண்டு லெக் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 5-5 வரை இழுத்தால் பதினோராவது லெக்கில் முடிவு. 2007 இறுதி ஆட்டத்தில் ஃபில் டெய்லரை ரேமண்ட் வான் பார்னவெல்ட் 7-6 என்று வென்றது இப்படி ஒற்றை லெக்கில்தான்.

மேட்ச்பிளேயில் செட்டே கிடையாது. முதல் சுற்றில் 10 லெக், அடுத்ததில் 11, காலிறுதியில் 16, அரையிறுதியில் 17, இறுதியில் 18. எல்லாச் சுற்றிலும் இரண்டு லெக் வித்தியாசம் வேண்டும். முதல் சுற்று 9-9 ஆனால் 10-9 போதாது, 12-12 வரை நீண்டால் 25ஆவது லெக் தீர்ப்பு சொல்லும். 2018 இறுதியில் கேரி ஆண்டர்சன், மென்சுர் சுல்யோவிச்சை 21-19 என்று வென்றதால் இந்த விதி எவ்வளவு தூரம் இழுக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

இனி அந்த 'அதிர்ஷ்டம்' என்ற குற்றச்சாட்டு. செட் முறையில் குறைந்த லெக் எடுத்தவர் ஜெயிக்க முடியும், உண்மைதான். ஏழு செட் எடுக்க வேண்டிய இறுதி ஆட்டத்தில் ஒருவர் ஆறு செட்டை 3-2 என்றும் கடைசி செட்டை 3-1 என்றும் எடுத்து, மீதி ஆறு செட்டையும் 0-3 என்று விட்டால், 21 லெக் எடுத்தவர் 31 லெக் எடுத்தவரைத் தோற்கடித்திருப்பார். காகிதத்தில் பார்க்க அநியாயம்தான். ஆனால் இது விளிம்பில் நிற்கும் உதாரணம். சராசரியாக என்ன நடக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு லெக்கிலும் 55 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். யார் முதலில் எறிகிறார் என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவர் ஒரு செட்டை எடுக்கும் வாய்ப்பு சுமார் 59 சதவீதம். மூன்று செட் எடுக்க வேண்டிய ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 67 சதவீதத்தை ஒட்டி வரும். மேட்ச்பிளேயின் 10 லெக் முதல் சுற்றில் அதே ஆளுக்கு 68. கிட்டத்தட்ட சமம். காலிறுதியிலும் இரண்டுக்கும் 71, 72க்குள்தான் வருகிறது. இறுதியில் கணக்கு திரும்பிவிடுகிறது: ஏழு செட் ஆட்டத்தில் 75ஐத் தாண்டுகிறது, 18 லெக் ஆட்டத்தில் 73தான். காரணம் எளியது. ஏழு செட் எடுக்கக் குறைந்தது 21 லெக் ஆட வேண்டும், நெருக்கமான ஆட்டம் 50 லெக்கையும் தாண்டும். பிளாக்பூல் இறுதி எவ்வளவு இழுத்தாலும் 41 லெக். செட்டாக மடக்கும்போது வீணாகும் லெக்குகளை ஆட்டத்தின் நீளம் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே நியாயத்தின் பெயரால் பிளாக்பூலை உயர்த்துவதும் லண்டனைத் தாழ்த்துவதும் தவறு.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒரு டார்ட்டின் விலையில்.

பிளாக்பூலில் எல்லா லெக்கும் ஒரே விலை. 2025 இறுதியில் ஜேம்ஸ் வேட் முதல் ஐந்து லெக்கையும் எடுத்தார். லூக் லிட்லர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து 18-13 என்று முடித்தார். ஐந்து லெக் கடன் என்றால் ஐந்தையும் திருப்பிக் கட்டியாக வேண்டும், குறுக்கு வழி இல்லை. அதனால் இங்கே ஜெயிக்க வேண்டிய குணம் சீரான வேகம். ஒவ்வொரு ஐந்து லெக்குக்கும் ஒருமுறை இடைவேளை வரும். இடைவேளைக்குப் பின் வந்து முதல் இரண்டு லெக்கில் தூங்கிவிடுபவர் பிளாக்பூலில் பிழைக்க மாட்டார்.

செட் முறையில் லெக்குக்கு லெக் விலை மாறும். 0-2 என்று பின்தங்கிய செட்டில் மூன்றாவது லெக்கை விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, 0-3 என்று தோற்றாலும் 2-3 என்று தோற்றாலும் போவது ஒரே செட். ஆனால் 2-2இல் வரும் ஐந்தாவது லெக் ஒரு செட்டுக்குச் சமம். 2024 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயது லிட்லர் 4-2 செட் முன்னிலை. அடுத்த செட்டையும் எடுத்து 5-2 ஆக்க டபுள் 2இல் ஒரு டார்ட் கிடைத்தது. விழவில்லை. லூக் ஹம்ஃப்ரீஸ் அந்த செட்டை எடுத்தார், அதோடு அடுத்தடுத்து எல்லா செட்டையும் எடுத்து 7-4 என்று சாம்பியன் ஆனார். பிளாக்பூலில் அதே டார்ட் தவறியிருந்தால் ஒரு லெக் போயிருக்கும், அவ்வளவுதான்.

அந்த டபுள் 2ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். டபுளில் நிற்கும்போது தவறினாலும் அடுத்த டபுள் கையில் இருக்கும்படி எண்ணை விட்டுவைப்பதுதான் தொழில்முறை வழக்கம். 32 மீதி என்றால் டபுள் 16. உள்ளே சறுக்கி வெறும் 16 விழுந்தால் டபுள் 8, பிறகு டபுள் 4, டபுள் 2, டபுள் 1 என்று ஐந்து படி இறங்கலாம். 40 மீதி என்றால் டபுள் 20, தவறினால் டபுள் 10, அதுவும் தவறினால் டபுள் 5. அங்கே வெறும் 5 விழுந்தால் ஒற்றைப்படை வந்துவிடும், அதைச் சரிசெய்யவே ஒரு டார்ட் செலவு. டபுள் 2 என்பது படிக்கட்டின் அடிப்பகுதி. அதற்குக் கீழே டபுள் 1 மட்டும்தான் இருக்கிறது. லெக் முறையில் ஆட்டக்காரர் இந்தப் படிகளில் நிதானமாக இறங்குவார். செட்டின் ஐந்தாவது லெக்கில், எதிராளி 40இல் காத்திருக்கும்போது, அதே படிகளில் கை நடுங்கும்.

யார் முதலில் எறிகிறார் என்பதும் இரண்டிலும் ஒன்றல்ல. நல்ல ஆட்டக்காரர் 15 டார்ட்டில் லெக்கை முடிப்பார் என்றால், முதலில் எறிபவருக்கு 15 கிடைக்கும்போது எதிராளியின் கையிலிருந்து 12தான் போயிருக்கும். இந்த மூன்று டார்ட்தான் சாதகம். பிளாக்பூலில் இது ஒன்றுவிட்டு ஒன்று மாறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். செட் முறையில் ஒரு செட்டைத் தொடங்குபவர் ஒன்று, மூன்று, ஐந்தாவது லெக்குகளில் முதலில் எறிவார். யாரும் யாருடைய எறிதலையும் உடைக்காவிட்டால் (அதாவது எதிராளி முதலில் எறியும் லெக்கை எடுக்காவிட்டால், இதுதான் பிரேக்) அவருக்கே 3-2. ஆகவே எதிராளி தொடங்கும் செட்டை எடுக்க வேண்டுமானால் அவரை ஒருமுறையாவது பிரேக் செய்தாக வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் பார்ப்பவர்கள் ஸ்கோரைவிட முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த செட்டைத் தொடங்கியது யார்? அது தெரியாமல் 2-1 என்ற ஸ்கோரைப் படிக்கவே முடியாது. தொடங்கியவர் 2-1 என்றால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, தொடங்காதவர் 2-1 என்றால் ஒரு பிரேக் நடந்திருக்கிறது, அடுத்த லெக்கிலும் அவரே முதலில் எறிவார்.

களத்துக்கு வருவோம். இங்கே எனக்குத் தெளிவாக ஒரு பக்கம் உண்டு. மேட்ச்பிளேயில் 32 பேர்: பிடிசி தரவரிசையின் முதல் 16, புரோ டூர் (பிடிசியின் வழக்கமான போட்டித் தொடர்) பட்டியலிலிருந்து 16. இவர்கள் வாரந்தோறும் ஒருவரோடொருவர் மோதுபவர்கள். தரம் உச்சம், ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் 2026 முதல் 128 பேர். பல நாடுகளின் தகுதிப் போட்டிகள், பெண்கள் தொடர், ஆசியத் தொடர் வழியாக வருபவர்களுக்கும் இடம் உண்டு. 2019 டிசம்பரில் ஃபேலன் ஷெராக், டெட் எவெட்ஸை வென்று அந்த மேடையில் ஜெயித்த முதல் பெண் ஆனார், அடுத்து சுல்யோவிச்சையும் அனுப்பிவைத்தார். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் பால் லிம், 66 வயதில், பிற்காலச் சாம்பியன் ஹம்ஃப்ரீஸை 3-2 என்று வீழ்த்தினார். 2025 டிசம்பரில் நிதின் குமார் இந்தியாவுக்கு அந்த மேடையின் முதல் வெற்றியைத் தேடித்தந்தார். 'உலக' என்ற பெயருக்கு இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். முதல் சுற்றில் சில ஆட்டங்கள் ஒருதலையாக முடிவது அதற்கான விலை, கொடுக்கத் தகுந்த விலை.

தரவரிசை விஷயத்தில் லண்டனைக் குறை சொல்லியே ஆக வேண்டும். பிடிசி தரவரிசை என்பது இரண்டு ஆண்டுகளில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் கூட்டல். ஒரே போட்டியில் 10 லட்சம் சேர்ந்தால் மற்ற போட்டிகளில் என்ன நடந்தாலும் அவரைத் தொட மற்றவர்கள் திணற வேண்டும். 2025 மேட்ச்பிளே பரிசுப்படி ஐந்து மேட்ச்பிளே வென்றால்தான் ஒரு உலகப் பட்டத்துக்கு ஈடு. இது ஆட்டத்தின் உண்மையான எடையைக் காட்டவில்லை.

சூழலும் ஆட்டத்தை மாற்றும். பிளாக்பூலின் எம்ப்ரஸ் பால்ரூமில் ஜூலை வெக்கை, மேடை விளக்கின் சூடு வேறு. விரல் வியர்த்தால் டார்ட் சற்று முன்பே நழுவும், ட்ரிபிள் 20க்கு (எண்ணை மும்மடங்காக்கும் உள் வளையம்) போன டார்ட் மேலே ஏறும். பலரும் துண்டோடும் விரலுக்கு மெழுகோடும்தான் மேடை ஏறுவார்கள். லண்டனில் சிக்கல் வேறு: வேடமிட்ட கூட்டம், விடாத பாட்டு, டபுளுக்கு நிற்கும்போது விசில். அதோடு கிறிஸ்துமஸ் இடைவெளி. சுற்றுக்குச் சுற்று பல நாள் காத்திருந்து, திரும்ப அதே சூட்டில் எறிய வேண்டும். பிளாக்பூலில் எல்லாம் ஒன்பது நாளில் முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. லெஸ்டரில் நடக்கும் வேர்ல்ட் கிராண்ட் பிரியில் லெக்கைத் தொடங்கவே டபுள் அடிக்க வேண்டும். ஒரு லெக்குக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையான ஒன்பது டார்ட்டில் முடிக்க டபுள் 20, இரண்டு ட்ரிபிள் 20 சேர்த்து 160, பிறகு மூன்று ட்ரிபிள் 20 அடித்து 180, கடைசியில் 161க்கு ட்ரிபிள் 20, ட்ரிபிள் 17, புல். இதை 2011இல் பிரெண்டன் டோலன் முதலில் செய்தார். 2014இல் ஜேம்ஸ் வேடும் ராபர்ட் தோர்ன்டனும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கொன்று செய்தார்கள். டபுள் கைக்கு வராத நாளில் பெரிய ஆட்டக்காரரும் இங்கே முதல் சுற்றோடு வீட்டுக்குப் போவார்.

மற்றொன்று லேக்சைடு. 1978இல் தொடங்கிய பிடிஓ (பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு) உலகச் சாம்பியன்ஷிப் 1986 முதல் இங்கிலாந்தின் ஃப்ரிம்லி கிரீனில் உள்ள இந்த அரங்கில் நடந்தது. 1990இல் பால் லிம் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஒன்பது டார்ட் லெக்கை அடித்தது அங்கேதான். அதற்கு அவருக்குக் கிடைத்த 52,000 பவுண்டு, அந்த ஆண்டுச் சாம்பியன் வாங்கியதைவிட அதிகம். முன்னணி ஆட்டக்காரர்கள் 1993இல் பிரிந்து போனார்கள், 2020இல் பிடிஓவே கலைந்தது. 2022 முதல் டபிள்யூடிஎஃப் (உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு) அங்கே பட்டம் நடத்துகிறது. பாரம்பரியம் லேக்சைடுடையது, ஆனால் வலிமையான களம் இப்போது பிடிசியிடம்தான்.

எதைப் பார்ப்பது? டார்ட்ஸுக்குப் புதியவர் உலகச் சாம்பியன்ஷிப்பின் நான்காம் சுற்றிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு செட்டும் தனி ஆட்டம் மாதிரி முடிவதால் விறுவிறுப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை. 2023 இறுதியின் அந்த ஒரு லெக்கை மட்டும் தேடிப் பார்த்தாலும் போதும். மைக்கேல் வான் கெர்வன் எட்டு டார்ட்டைப் பிசகில்லாமல் அடித்து, ஒன்பதாவதை டபுள் 12இல் தவறவிட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஸ்மித் அதே 141ஐ ட்ரிபிள் 20, ட்ரிபிள் 19, டபுள் 12 என்று ஒன்பதாவது டார்ட்டில் முடித்தார். ஸ்கோர் போடவும் டபுளைக் கணக்கிடவும் பழகியவருக்கு மேட்ச்பிளே காலிறுதிதான் சரியான பள்ளிக்கூடம். 16 லெக் ஆட்டத்தில் யாருடைய கை எப்போது தளர்கிறது என்பது ஒளிவு மறைவில்லாமல் தெரியும்.

இந்தியாவிலிருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: லண்டனில் டிசம்பர் மாலை 7 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. பிளாக்பூலில் ஜூலை மாலை 7 மணி நமக்கு இரவு 11.30. விடிய விடிய விழிக்க முடியாதவர்கள் உலகச் சாம்பியன்ஷிப்பின் பகல் ஆட்டங்களைப் பிடிக்கலாம். அங்கே மதியம் 12.30 நமக்கு மாலை 6 மணி.