மிக்-21, முப்பத்திரண்டில் ஒன்று: மூன்று வருடம் கழித்து மூக்கு பிளந்தது

கருங்கல் ஊரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டான். "அண்ணா, நீங்க செஞ்ச அந்தப் பெரிய மிக்-21 கிட் இப்ப வெல கொறஞ்சிருக்கு. வாங்கிரட்டா?"

வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி நான் கட்டிய அதே போர் விமான மாடல் மூக்கு பிளந்து, டேப் சுற்றி, என் மேசையில் கிடந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் எத்தனை ஸ்ப்ரூ (துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்), எத்தனை துண்டு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அளவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜ விமானம், மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் வேகமளக்கும் பிதோ குழாயையும் சேர்த்து, 15.76 மீட்டர். மாடல் நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, வகுத்தால் 49 சென்டிமீட்டர். இறக்கை முனைக்கு முனை 22 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலான குழாய், அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டின மாதிரி முக்கோண இறக்கை. இரண்டாம் உலகப்போர் கால ஸ்பிட்ஃபயர் விமானம் வைக்கிற அலமாரியில் இது நிற்காது. என் வீட்டில் டிவிக்கு மேலே இருந்த பலகையைக் கேட்டு வாங்கினேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பது குடும்ப விஷயம்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்த பிறகு எல்லோருக்கும் திடீரென்று அதன் மேல் பாசம் வந்துவிட்டது. 1963இல் விமானப்படைக்கு வந்த விமானம், அறுபத்திரண்டு வருடம் பறந்திருக்கிறது, பாசம் வரத்தான் செய்யும். தம்பிக்கும் அதுதான். ஆனால் ஒன்று. பெட்டியில் இருப்பது எம்.எஃப் ரகம். நம்மூரில் டைப் 96 என்று சொல்லப்பட்ட எம் ரகத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 1971இல் போருக்குப் போன எஃப்.எல், அதாவது டைப் 77, இதிலிருந்து வராது. அதற்கு முதுகு ஒல்லி. பிதோ குழாய் மூக்கின் நடு உச்சியில் நிற்கும், இதில் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். 1971 விமானம்தான் வேண்டும் என்றால் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். எனக்கு இந்திய அடையாளம் அச்சிட்ட ஒட்டுப்படம் (டீக்கால்) கிடைக்காமல், பெட்டியில் வந்த செக்கோஸ்லோவாக்கிய அடையாளத்தையே ஒட்டி, பெயிண்ட் இல்லாத வெறும் உலோக நிறத்தில் முடித்தேன். வடசேரி சாயாக்கடையில் இதற்காக வாங்கிய கேலி இன்னும் தீரவில்லை.

அந்தச் சாயாக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். தக்கலையில் ரிட்டயரான ஒரு வேதியியல் சார். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன். முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்யும் ஆரல்வாய்மொழித் தம்பி. நான். இந்த மாவட்டத்தில் பெரிய கிட் கட்டுகிறவர்கள் வேறு யாராவது இருந்தால் எங்கள் கண்ணில் இதுவரை படவில்லை. ரசவடை ஆறும் வரை விமான உடலில் வரும் ரிவெட் ஆணிக் கோட்டைப் பற்றிச் சண்டை போடுவோம். கடைக்காரர் எங்களை ஏதோ ரியல் எஸ்டேட் பார்ட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மேசையில் எப்போதும் ஒரு வரைபடம் விரித்திருக்கும், பேச்சில் எப்போதும் அளவு வரும்.

இந்தக் கிட்டில் எனக்குக் கிடைத்த இரண்டு பெரிய சந்தோஷமும் குலசேகரத்து அண்ணனிடமிருந்து வந்தவை.

முதலாவது விமானி அறையின் நிறம். மிக்கின் உள்ளே அடிக்கும் அந்த நீலமும் இல்லாத பச்சையும் இல்லாத நிறத்தை எந்தக் குப்பியில் தேடுவது என்று ஒரு மாதம் விவாதித்தோம். சார் மயில் கழுத்து என்றார். ஆரல்வாய்மொழித் தம்பி மொபைலில் முப்பது படம் காட்டினான், முப்பதும் முப்பது நிறம். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மழைக்கு முன்னால் ரப்பருக்கு அடிக்கும் துருசு மருந்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். துருசும் சுண்ணாம்பும் கலந்த அந்த நிறம்தான். "இத பாத்துக் கலக்கு மக்கா, வேற எங்கயும் போவாண்டாம்" என்றார். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்ரிலிக்கில் நீலமும் பச்சையும் வெள்ளையும் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். இன்றைக்கும் அந்த அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மனம் நிறைகிறது. இந்த அளவில் கிட் வாங்குவதே இதற்குத்தான். சின்ன அளவில் டயல் என்பது புள்ளி. இதில் டயலுக்குள் முள் இருக்கிறது.

இரண்டாவது, ரப்பர் பால். விமானியின் தலைக்கு மேல் மூடும் கேனப்பிக் கண்ணாடியை மறைத்துப் பெயிண்ட் அடிக்கக் கடையில் ஒரு சின்னக் குப்பி விற்பார்களே, அதை வெளியூரிலிருந்து வரவழைக்கிற செலவுக்கு இன்னொரு ஏர்பிரஷ் ஊசி வாங்கலாம். அண்ணன் அமோனியா கலந்த பாலைக் கொடுத்தார். வெறும் பால் என்றால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், அமோனியா சேர்த்தால்தான் நிற்கும். மெல்லிய தூரிகையில் தொட்டுக் கண்ணாடிமேல் தடவினால் முதலில் வெள்ளையாக இருக்கும், காயக் காய லேசான தேன் நிறத்துக்கு மாறும். அப்புறம் கூர்மையான கத்தியால் சட்டத்தின் ஓரமாக ஒரு கீறல். பெயிண்ட் காய்ந்ததும் மூலையைக் கிள்ளி இழுத்தால் ஒரே தோலாக உரிந்து வரும். வாசம் மட்டும் தாங்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பித்தளைத் துண்டுகளின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அமோனியா கறுக்கடித்துவிடும்.

உடல் பொருந்துவதும் நன்றாக இருந்தது, இடைவெளி அடைக்கும் புட்டி அதிகம் தேவைப்படவில்லை. உலோக நிறத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு அடிக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரி முகம் தெரிகிற கறுப்பு. அதன்மேல் வெள்ளி ஏறும்போது ஒரு தூசிகூட மன்னிக்கப்படாது. ஆடி மாதக் காற்று முடிகிற வரை காத்திருந்து அடித்தேன்.

சரி, மூக்குக்கு வருகிறேன்.

மூன்று சக்கர விமானத்தின் பாரம் பின்பக்கம் இருந்தால் மாடல் வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கி உட்கார்ந்துவிடும். இதற்காக மூக்கில் எடை வைப்போம். பல கிட்டுகளில் குறிப்புத்தாளில் ஒரு குண்டின் படம் போட்டு இத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள். இதில் இல்லை. பின்பக்கம் ஜெட் எஞ்சின் முழுசாகத் தந்திருக்கிறார்கள், அதன் ஒவ்வொரு குழாய்க்கும் நிறம் சொல்லியிருக்கிறார்கள். உடலை மூடிய பிறகு ஒரு மனிதக் கண்ணுக்கும் தெரியாத எஞ்சின் அது. அந்த எஞ்சின்தான் வாலைக் கீழே இழுக்கிறது. அதற்கு ஈடாக முன்னால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு மை இல்லை.

நானே கண்டுபிடித்தேன். உடலின் இரண்டு பாதிகளையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சிலைக் குறுக்கே கொடுத்து, மூக்கில் ஒவ்வொரு குண்டாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 40 கிராமில் மூக்கு இறங்கியது. பயத்துக்கு 60 வைத்தேன். எடைக்கு நம்மூரில் என்ன பஞ்சம்? குளச்சலில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, சுத்தியலால் சின்னதாக்கி, மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புக்குள்ளும் அதன் பின்னாலும் அடைத்தேன். மேலே மரவேலைக்கு ஊற்றும் வெள்ளைப் பசையை நிறைய ஊற்றினேன். மூடினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடம் பலகையில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ கொட்டியிருந்தது. வீடு கடலுக்கு அரை கிலோமீட்டர், உப்பு என்று நினைத்து ஊதிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும். அப்போதுதான் பார்த்தேன், மூக்கின் அடிப்பக்கத் தையல் ஒரு முடி அளவுக்குத் திறந்திருந்தது. ஒரு மாதத்தில் நகம் நுழையும் அளவு. வெள்ளிப் பூச்சு விளிம்பில் சுருண்டு நின்றது.

சாரிடம் படம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உள்ள என்ன வச்ச?" என்றார்.

"ஈயம் சார். வெள்ளைப் பசை."

"போச்சு."

"அப்ப இது வெள்ளீயமா?"

"வெள்ளீயம் வேற, அது பாத்திரத்துக்குப் பூசுறது. ஒன் குண்டு காரீயம். காரீயம் வெளுத்துப் பொடியானா அதுக்குப் பேரு ஈய வெள்ளை. பழைய பெயிண்ட்ல போடுவான்."

விஷயம் இதுதான். வெள்ளைப் பசை நாள்பட நாள்பட அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, கொஞ்சம் கொஞ்சமாக விடும். காற்றோட்டமில்லாத மூக்குக்குள் அது போக வழியில்லை. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயம் அரித்து ஈயக் கார்பனேட் ஆகிறது. முன்பு ஈயம் பிடித்த இடத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் அதற்கு வேண்டும். பிளாஸ்டிக் என்ன செய்யும், பிளக்கிறது. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்களாம். வினிகர்ப் பானையில் ஈயத்தகடு வைத்து, சாணத்துக்குள் புதைத்து, வாரக்கணக்கில் மூடி வைப்பார்கள். திறந்தால் வெள்ளைப் பெயிண்டுக்கான பொடி.

"1741ல குளச்சல்ல டச்சுக்காரன நம்ம ஆளு தோக்கடிச்சாச்சு. அவனுக தளபதி டிலனாய் உதயகிரிக் கோட்டையோட நின்னுட்டான். அவனுக வேதியியல் மட்டும் ஒன் பிளேன் மூக்குல வந்து குடியேறிட்டு" என்றார் சார். அதற்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நான் சேரவில்லை. "சிரிக்கது இருக்கட்டும், ஊதினியா அத?" என்று உடனே முகம் மாறிக் கேட்டார். ஊதினேன் என்றேன். ஈயப்பொடி மூச்சில் போகக் கூடாது. கையுறை போடு, ஈரத்துணியால் துடை, உலர்ந்தபடி தேய்க்காதே, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் திறக்காதே என்று வகுப்பே எடுத்துவிட்டார்.

வெட்டித் திறந்தேன். குண்டுகளின் மேல் பஞ்சுபோல வெள்ளை, பசை முழுக்க விரிசல், கூம்பு உள்ளேயிருந்து ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. சுத்தம் செய்ய மட்டும் இரண்டு ஞாயிறு. ஆரல்வாய்மொழித் தம்பி பழைய பேரிங் உருண்டைகளைக் கைநிறையக் கொடுத்தான். இரண்டு டியூபையும் சமமாகக் கலந்து ஒட்டும் எப்பாக்சியில் அவற்றை முழுக்க முக்கி வைத்தேன். "ஈயத்தையே வையி, பசைய மாத்துனா போதும்" என்று குலசேகரத்து அண்ணன் சொன்னார். சாரும் அதற்குத் தலையாட்டினார். அவர்கள் சொன்னது சரிதான். எனக்குத்தான் ஈயத்தைக் கையில் எடுக்க மனமில்லை. ஆனால் ஈயம் பிடித்த அதே இடத்தில் எஃகு 41 கிராம்தான் பிடித்தது.

உலோக நிறத்தில் ஒட்டுப்போட முடியாது என்பது பழகியவர்களுக்குத் தெரியும். ஒட்டின இடம் மட்டும் வேறு வெள்ளியாகத் தெரியும். மூக்கிலிருந்து விமானி அறை வரை முழுவதையும் தேய்த்து, மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. பிதோ குழாய் இந்த வேலையில் மூன்றாம் முறையாக ஒடிந்தது. இப்போது அங்கே இருப்பது முனை மழுக்கிய ஒரு ஊசி.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது. ஈயத்தோடு வெள்ளைப் பசையைச் சேர்த்தவன் நான். கிட்டின் அச்சு வேலை அருமை, ரிவெட் அருமை, டயலுக்குள் முள் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். இருந்தாலும் தம்பிக்கு நேற்று ராத்திரி போன் போட்டு வாங்காதே என்றுதான் சொன்னேன். "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்காதேங்கியளே, ஏன் அண்ணா?" என்றான். ஒரு வரி எழுதாதவனுக்கு எதற்குடா காசு என்றேன். கோபத்தில் சொன்னதுதான். மாற்றிச் சொல்லும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

விமானம் மறுபடி டிவிக்கு மேலே ஏறிவிட்டது. வேண்டிய எடை 40, இருப்பது 41. ஃபேனை நாலில் வைத்தால் முன்சக்கரம் லேசாகத் தூக்கித் தூக்கி வைக்கிறது. வாலுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைச் செருகியிருக்கிறேன்.