கொழும்பா, திருச்சியா: யாழ்ப்பாணம் கேட்ட இரு வானொலிகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் வானொலிப் பெட்டியின் முள் கொழும்புக்கும் திருச்சிக்கும் இடையே நகர்ந்தபடி இருந்தது. 1939 இல் தொடங்கிய, அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் கருநாடக இசையைப் பொறுமையோடு கேட்கப் பழக்கியது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவும் இல்லை.

திரையிசையில் நிலைமை வேறு. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, அந்த வெற்றிடத்தைக் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. 1957 இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி தொடங்குவதற்குள் தமிழகத்து நேயர்களே கொழும்பின் பக்கம் திரும்பியிருந்தார்கள். அதைவிடப் பெரிய வேறுபாடு அறிவிப்பாளரிடம் இருந்தது என்பேன். திருச்சியில் அவர் பாடலுக்குப் பின்னால் நின்றார்; கொழும்பிலோ எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலுக்காகவே பெட்டியைத் திருகியவர்கள் உண்டு. கொழும்பின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் அப்பா, அம்மா, அம்மம்மா, மாமி என்று ஊர்ப்பெயரோடு உறவுகள் வரிசையாக வாசிக்கப்படுகையில், பாட்டு வருமுன்னரே முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிடும்.

உள்ளூர்க் கலைஞருக்கும் கொழும்பே களமானது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும் இலங்கையின் துள்ளல் இசையான பைலாவின் தாளம் கலந்து பாடிய பொப்பிசை, திருச்சி வழியாக இங்கே பரவியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சென்னைத் திரைப்பாடல்களுக்குத் தாராளமாகக் கிடைத்த நேரம் ஈழத்து மெல்லிசைக்குக் கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானதே.