தூத்துக்குடியிலிருந்து குமரிவரை: மதியச் சோறு எந்த ஊரில்?

தூத்துக்குடியில் கிளம்பி காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசை என்கிற குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம் என்று கடலை ஒட்டியே போய்க் கன்னியாகுமரியைத் தொடுகிற சாலை சுமார் 130 கிலோமீட்டர். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது என்றாலும், இலை போட்டு உட்கார்ந்தால் எல்லாம் பழைய திருநெல்வேலிச் சீமைதான். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் முடிகிற வழி இது. ஆனால் மணப்பாட்டு மணல்மேட்டையும் உவரிக் கடலையும் பார்க்கத்தானே வருகிறார்கள். காலையில் புறப்பட்டவர்களுக்குச் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் ஒரு வேளைச் சோறு கட்டாயம் உண்டு, அந்த ஒரு வேளையில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள்.

காரணம் எளிது. காட்சி அழகாக இருக்கிற ஊர்களில் கடைகள் குறைவு. இருக்கிற கடையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். எனவே கடைப் பெயர்களைத் தேடுவதைவிட, எந்த வகைக் கடை எந்த நேரத்துக்கு, எந்தக் கிழமைக்கு ஒத்துவரும் என்று பார்ப்பது பலன் தரும்.

கடலோரச் சிற்றூர் மீன் சாப்பாடு

நன்றாக அமைந்தால் இதற்கு ஈடே கிடையாது. அமையாவிட்டால் இதைப்போல ஏமாற்றமும் கிடையாது. மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற ஊர்களில் வீட்டு முகப்பிலோ ஓலைக் கொட்டகையிலோ நடக்கிற சிறு கடைகளில் இருபது முப்பது பேருக்குத்தான் உலை வைப்பார்கள். பன்னிரண்டரைக்குத் தயாராகும், ஒன்றரைக்குள் நல்ல துண்டுகள் போய்விடும். ஐந்து பேருக்கு மேல் என்றால் காலையில் ஒன்பது, பத்து மணிக்கே சொல்லிவைப்பது நல்லது. அந்த வழியாகக் காலையில் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, "அக்கா, மதியம் ஆறு பேருக்குச் சோறு கிடைக்குமா? இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனால் போதும்.

மீன் பெயரில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் ஷீலா என்றால் ஊளி. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். அதே மீன் குமரிப் பக்கம் போனதும் நெய்மீன் ஆகிவிடும். "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்டாலும் புரியும், கூடவே, வெளியூர் ஆள் என்பதும் புரிந்துவிடும்.

சீலாவை ஆசைப்பட்டுக் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய மீன் ஐஸில் பல நாள் தாங்கும், விலையும் அதிகம், ஆகவே கடைக்காரர் அதை வைத்திருந்து விற்கலாம். சாளை, நெத்திலி, முரல் அப்படித் தாங்காது. இன்றைக்கு வாங்கியதை இன்றைக்கே தீர்க்க வேண்டும். அன்றன்று பிடித்தது வேண்டும் என்றால் சிறுமீனைக் கேளுங்கள். சாளையை அவித்து முள் எடுத்துச் செய்கிற புட்டோ, மிளகாய் தடவிய முரல் வறுவலோ கிடைத்தால் சீலா துண்டை மறந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சாளை, ஐலை, சூரை மூன்றும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. முதல் வாயிலேயே நாக்கு சுறுசுறுவென்று குத்தினால் அது மிளகாய்க் காரம் அல்ல. தட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

மசாலா தடவி முகப்பில் அடுக்கியிருக்கும் துண்டுகளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, மசாலா எல்லாவற்றையும் மூடிவிடும். முழு மீனாக இருக்கும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்: கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்புகிறதா. பொரிக்கிற எண்ணெய் கறுத்து, அடியில் கரித்தூள் படிந்திருந்தால் வறுவலை விட்டுவிட்டுக் குழம்போடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பாட்டு விலையில் குழம்பு மட்டும்தான் சேர்த்தி. வறுவல் தனிக் கணக்கு, அதுவும் மீனின் அளவைப் பொறுத்தது. துண்டு என்ன விலை என்று கேட்காமல் இலையில் வாங்கிவிட்டு, கை கழுவியபின் சண்டை போடுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

குழம்பிலும் நேரம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் குழம்பு தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து, புளி கரைத்து, மாங்காயோ முருங்கைக்காயோ போட்டு வைப்பது. தேங்காய் அரைத்த குழம்பு மதியத்துக்குத்தான் ருசி. வெயில் காலத்தில் ராத்திரிக்குள் நுரைக்கத் தொடங்கிவிடும். ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்பு கேட்டால், தேங்காய் சேர்க்காத புளி மிளகாய்க் குழம்பா என்று விசாரியுங்கள். அது மறுநாள்வரை தாங்கும், சொல்லப்போனால் மறுநாள்தான் இன்னும் ருசிக்கும்.

இனிக் கிழமை. இந்தக் கரையில் பல ஊர்கள் கத்தோலிக்கப் பரதவர் ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சுற்றுலாக் கூட்டமோ ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. அன்றைக்கு இலையில் விழுவது பெரும்பாலும் சனிக்கிழமை மீன். தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதிப்படி நடப்பவை. ஆகவே திங்கட்கிழமை பிடித்த பெரிய மீன் செவ்வாய் மதியம்தான் குழம்பாகும். செவ்வாய் முதல் சனிவரை இந்த வழிக்கு உகந்த நாள்கள். அதில் செவ்வாய்க்கிழமை மட்டும் உவரி அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்கள் அதிகம், அங்கே கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். அந்த நாள்களில் வள்ளங்களும் கட்டுமரங்களும் கொண்டுவருகிற மீன் மட்டுமே உள்ளூர் மீன். விலை ஏறும், வகை குறையும். அப்போதும் ஒரு கடையில் பத்து வகைப் பெரிய மீன் அடுக்கியிருந்தால் அது எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூர் சைவச் சாப்பாடு

மீன் வேண்டாதவர்களுக்கும், கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் வேறு யோசனை தேவையில்லை. தூத்துக்குடியிலிருந்து 40 கிலோமீட்டர், நெல்லையிலிருந்து 60-க்குள். காலை இட்லி, பொங்கல், வடையில் இந்த ஊர் கைவிடாது. ஆனால் சஷ்டி, கிருத்திகை, விசாகம், தைப்பூசம், வார இறுதி என்றால் சன்னிதித் தெருவில் கை கழுவவே வரிசை. சட்னி நீர்த்திருக்கும், சாம்பார் அதைவிட. தரிசனம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு வெளியே வருவதுதான் காரணம். கோயில் வாசலை விட்டுப் பேருந்து நிலையப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் கூட்டம் குறையும், ருசியும் மோசமில்லை.

சாப்பிடாமல் தரிசனம் என்று நேர்ந்துகொண்டவர்களுக்குக் கோயிலிலேயே வழி உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து இங்கே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பந்தி வேகமாக நகரும், சோறு சூடாக இருக்கும். கையில் பிள்ளைகள் இருந்தால் ஓட்டல் வரிசையைவிட இது எவ்வளவோ மேல்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதியும் இஞ்சிப் பச்சடியும், கூட்டாஞ்சோறு, உளுந்தம்பருப்புச் சோறு எல்லாம் இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. அவை வீட்டிலும் கல்யாண மறுவீட்டிலும் உண்பவை. யாத்திரை ஊர் ஓட்டல்களில் அபூர்வம். அதற்கு நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ விசாரிப்பதுதான் சரி.

தூத்துக்குடி ராத்திரிப் புரோட்டா

இது மதியத்துக்கான விடை அல்ல. ஆனால் பயணத்தை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதை இதுதான் முடிவு செய்யும். குமரியில் தொடங்கித் தூத்துக்குடியில் முடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மாறிப் போனால் குமரியில் எங்கும் கிடைக்கிற சாப்பாடுதான். ராத்திரிப் புரோட்டாக் கடைகளை இங்கே நைட் கிளப் என்பார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறோமே என்று தயங்குவார்கள். தாராளமாகப் போகலாம், உள்ளே இருப்பது புரோட்டாக் கல் மட்டுமே.

ஏழு மணிக்கே போனால் சால்னா இன்னும் கூடிவராமல் தண்ணீராக இருக்கும். எட்டு, ஒன்பது மணி சரியான நேரம். பத்தரைக்குமேல் கையிருப்பை நீட்ட வெந்நீர் விழத் தொடங்கும். புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி இரண்டு நிமிடம் விட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுச் சாப்பிடுகிறவர்களைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். திரும்பும்போது மக்ரூன் வாங்குகிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவையே கேட்டு வாங்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த பண்டம் அது. கடல் காற்றின் ஈரம் பட்டால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

வழியில் காயல்பட்டினத்தைச் சும்மா கடந்துவிடுகிறார்கள். அங்கே களறிக்கறி என்ற இறைச்சிக் குழம்பும் கத்தரிக்காய் மாங்காயும் கல்யாணச் சாப்பாடு. கடையில் எல்லா நாளும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும். ரமலான் மாதத்தில் போனால் பகலில் எதுவும் இல்லை, சாயங்காலம் நோன்புக் கஞ்சியும் இறால் வைத்துப் பொரித்த வாடா என்ற பலகாரமும் உண்டு.

நாலுவழிச் சாலை ஓட்டல்கள்

நெல்லையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாகக் குமரிக்கு 85 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வண்டி நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, எந்த நேரமும் சூடான தோசை: இந்த மூன்றும் இங்கே உறுதி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு மூன்றும் பெரிய விஷயம். ருசி மட்டும் மதுரையிலும் ஓசூரிலும் கிடைக்கிற அதே ருசி. கடலும் கண்ணில் படாது.

ஒரு எட்டு உள்ளே: சந்தை ஊர்கள்

கடற்கரைக்கும் நாலுவழிச் சாலைக்கும் நடுவில் உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று சந்தை ஊர்கள் இருக்கின்றன. பயணிகள் பட்டியலில் இவை வருவதில்லை. முன்கூட்டிச் சொல்லிவைக்காதவர்களுக்கும் இரண்டு மணி தாண்டியவர்களுக்கும் இவற்றைத்தான் சொல்ல வேண்டும். மணப்பாட்டிலிருந்து உடன்குடி ஏழெட்டு கிலோமீட்டர், உவரியிலிருந்து திசையன்விளை பத்துக்குள். கடைவீதியில் வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சிமார் தினமும் சாப்பிடுகிற கடைகள் என்பதால், ஒருநாள் வந்துபோகிறவனை ஏமாற்றிப் பிழைக்கிற புத்தி குறைவு. மூன்று மணிவரை சோறு இருக்கும், ஆட்டுக்கறியும் மீனும் சைவமும் இருக்கும். கடல் தெரியாதுதான். சாப்பிட்டுவிட்டுக் கால்மணி நேரத்தில் கடலுக்குத் திரும்பிவிடலாம்.

குலசை தசரா நாள்களில் மட்டும் உடன்குடி வேண்டாம். சாலையை மாற்றிவிடுவார்கள், வேடம் கட்டியவர்களின் கூட்டத்தில் வண்டி நகராது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டி மணப்பாட்டிலும் இதே கதை.

கட்டுச்சோறு

திருவிழா நாள்களுக்கு இதுதான் பதில். தயிர்ச்சோறு மதியத்துக்குள் புளிக்காமல் இருக்க, ஒரு டம்ளர் அரிசிச் சோற்றைக் குழைத்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் ஒன்றரை டம்ளர், தயிர் இரண்டே மேஜைக்கரண்டி சேர்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கலந்தால் ஒரு மணிக்குச் சரியாக உறைந்திருக்கும். சோறு சூடாக இருக்கும்போதே கலந்தால் வழியிலேயே புளித்துவிடும். புளிச்சோற்றுக்கு அதே அளவு அரிசிக்கு எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் வேண்டாம், அதுதான் முதலில் கெடும். எள்ளுத் துவையல் தாங்கும்.

எங்கே உட்காருவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தக் கரையில் மணலை வாரி அடிக்கும். உவரிக் கடற்கரையில் இலையை விரித்தால் பாதி சோறு, பாதி மணல். அந்த மாதங்களில் கோயில் மண்டபச் சுவரின் மறைவோ, ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணிக் கரையின் மரநிழலோ நல்லது.

ஆத்தூரில் நின்றால் வெற்றிலை ஒரு கவுளி (ஒரு கட்டு) வாங்கிக்கொள்ளலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. கோடையில் சாலையோரப் பதநீரைக் காலை பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. வெயில் ஏற ஏற அதன் பிடி தளர்ந்துவிடும். பனை ஓலைப் பட்டையில் ஊற்றும்போது நுரை பொங்கிப் புளித்த வாடை அடித்தால், "வேண்டாம் அண்ணாச்சி, நுங்கு மட்டும் சீவுங்க" என்று சொல்லிவிடலாம்.